மே நான்காம் தேதிக் கடிதம்

லாரல் ஃபோர்க்
1975 பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புத் தம்பி லூஷியஸுக்கு,

அக்கா ஐடெல் எழுதுவது. கர்த்தர் கிருபையில் அம்மாவும் உன் அத்தானும் நானும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கம்பளிக் காலுறை உன் கைக்கு வந்ததா, இல்லை வழியிலேயே வேறு யார் காலிலாவது ஏறிவிட்டதா?

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது கேட்காமல் விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமைப் பேப்பரில் ஒரு செய்தி. கோல்வின் பண்ணைச் சிறையிலிருந்து ஒரு கைதி பென்சிலால் பத்தொன்பது பக்கம் எழுதி மத்திய கோர்ட்டுக்கு அனுப்பினானாம். மாநில அரசு தன் சிறையில் ஆட்களைச் சாகவிடுகிறது என்று முறையிட்டானாம். நீதிபதி அதைக் குப்பையில் போடாமல் வழக்காக எடுத்துக்கொண்டு, ஒரு வக்கீலையும் நியமித்திருக்கிறாராம். கைதியின் பெயர் எல். பிரூயிட் என்று போட்டிருந்தது.

நான் அத்தானிடம், "அந்தப் பண்ணையில எத்தனை பிரூயிட் இருப்பாங்க?" என்று கேட்டேன். "எத்தனை பேரு வேணா இருக்கட்டும். பென்சில எடுத்தா கீழ வைக்காத பிரூயிட் ஒருத்தன்தான்," என்றார். சிரிக்கவில்லை. சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

நீதானா அது? என்ன எழுதினாய்? சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
ஐடெல்


கோல்வின் பண்ணை
பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. காலுறை வரவில்லை. யார் காலில் இருக்கிறதோ அவராவது சூடாக இருக்கட்டும்.

நான்தான் அது. இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்காதே. போன ஆகஸ்டில் என் பக்கத்துக் கட்டில்காரன் ஏமஸ் டில்லரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இங்கே டாக்டர் கிடையாது. மருந்து அறைக்குப் பொறுப்பு, பழைய லாரி மெக்கானிக்கான ஒரு கைதி. ஏமஸை மூன்று நாள் ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். நான்காம் நாள் பெஞ்சைக் கழுவினார்கள். நான் எழுதியது அவ்வளவுதான்: தேதி, பெயர், நடந்தது. கைதிகளிலேயே சிலருக்குக் கம்பு கொடுத்துக் கங்காணியாக வைத்து மற்றவர்களை அடக்குவதையும் எழுதினேன். மத்திய கோர்ட்டுக்குப் போகும் தபாலைச் சிறை அதிகாரிகள் திறக்கக்கூடாது என்று சட்டம். உனக்கு வரும் தபாலுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆகவே, இதை வாசித்துக்கொண்டிருக்கும் ஆபீஸ் ஐயாவுக்கும் என் வணக்கம்.

கோர்ட்டின் பதில் வந்த அன்று, இந்தச் சிறைக்கே தலைவரான வார்டன் ஸ்டாக்கல் என்னை வரச்சொன்னார். "என்ன பிரூயிட், வாஷிங்டனுக்கே கடுதாசி போடற ஆளாயிட்டியாமே?" என்றார்.

"வாஷிங்டனுக்கு இல்லீங்க. இங்க நம்ம ஊர்லயே இருக்கற கோர்ட்டுக்குத்தான்."

"அந்த ஜட்ஜு நம்ம ஆளில்ல. இந்தப் பண்ணை இந்த மாநிலத்தோடது. கவர்னர் சொல்றதுதான் இங்க சட்டம். புரியுதா?"

புரியுது என்றேன். அதைத்தான் நீதிபதிக்கும் எழுதியிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

இன்னும் நாலு வருடம் இருக்கிறது எனக்கு. கவலைப்படாதே. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

லூஷியஸ்


லாரல் ஃபோர்க்
மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ சொன்ன பத்தியை அம்மாவுக்கு வாசிக்கவில்லை. இடையில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டாள், தொண்டை கமறியது என்றேன்.

வக்கீல் ரூத் ப்ரென்னர் வீட்டுக்கு வந்திருந்தார். வடக்கிலிருந்து வந்தவர். மெலிந்த பெண், காரில் பின் சீட்டு முழுக்கக் காகிதம். அம்மா அவருக்குச் சோள ரொட்டியும் கீரையும் போட்டாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதால் நல்ல பெண் என்று தீர்மானித்துவிட்டாள்.

புதன்கிழமை கவர்னர் டிவியில் பேசினார். "அந்த நீதிபதிக்கு இங்கே ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. எனக்கு ஆறு லட்சம் பேர் போட்டார்கள். நம் சிறையை எப்படி நடத்துவது என்று எனக்கு எவரும் உத்தரவு போட முடியாது," என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மா, "இந்த மனுசன் எதுக்கு இப்படிக் கத்தறான்? ஒரு டாக்டர வைக்கச் சொன்னா வச்சுட்டுப் போறதுதானே?" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

அத்தான் டிவியை அணைத்துவிட்டார். நெடுஞ்சாலைத் துறையில் அவருக்கு இது பதினேழாவது வருடம் என்பது உனக்குத் தெரியும். அதுவும் மாநில அரசின் வேலைதான். அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டை லாரிக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். டப்பாவில் டீசல் வாடை அடிக்கிறது.

ஜாக்கிரதையாக இரு. யாரிடமும் வாய் கொடுக்காதே.

ஐடெல்


கோல்வின் பண்ணை
ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாருக்கும் என் அன்பு. விசாரணையை ஜூனில் வைத்திருக்கிறார்கள். என்னைச் சமையல் கட்டிலிருந்து எடுத்து, மண்வெட்டி வரிசையில் போட்டுவிட்டார்கள். பருத்திக்காட்டில் பகல் முழுக்கக் களை வெட்டுகிறேன். வெயில் உடம்புக்கு நல்லது என்று அம்மாதானே சொல்வாள்.

முதலில் எல்லாரும் என்னைக் கண்டால் விலகிப்போனார்கள். இப்போது குடிதண்ணீர் வாளிக்கருகில் யாராவது வந்து நின்று, என்னைப் பார்க்காமலே ஒரு பெயரும் ஒரு தேதியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தன் தம்பி இங்கே எந்த நாளில் செத்தான் என்று ஒருவன் சொன்னான். நான் மனதில் எழுதிக்கொள்கிறேன். வக்கீல் வரும்போது ஒப்பிக்கிறேன். நூற்றுநாற்பது பேர் வழக்கில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அத்தானிடம் எனக்காக மன்னிப்புக் கேள். டிவி செய்தியை இங்கே எங்களையும் உட்காரவைத்துப் பார்க்கச் செய்தார்கள்.

லூஷியஸ்


லாரல் ஃபோர்க்
மே 4

அன்புச் சகோதரர் லூஷியஸ் பிரூயிட் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

தாங்கள் மாநில அரசின் மீது மத்திய கோர்ட்டில் தொடுத்துள்ள வழக்கு குறித்துக் குடும்பத்தார் மிகவும் வருந்துகிறோம். அதில் கூறப்பட்டவை மிகைப்படுத்தப்பட்டவை என்றே கருதுகிறோம். வெளியூர் வக்கீல்கள் தங்களைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். வழக்கைத் திரும்பப் பெறுவதே தங்களுக்கும் நமக்கும் நல்லது. பரோல் போர்டு ஜூன் மாதம் கூடுகிறது. நன்னடத்தையை அது கவனத்தில் கொள்ளும் என்று நம்புகிறோம். தாயாரின் பார்வை முற்றும் போகுமுன் தங்களை அவர் காண வேண்டும்.

இது என் சொந்த விருப்பத்தின் பேரில் எழுதப்பட்டது.

இப்படிக்கு,
திருமதி ஐடெல் காட்லின்


கோல்வின் பண்ணை
மே 11

அக்கா,

நலம் விசாரிப்பதை இந்த ஒருமுறை தள்ளி வைக்கிறேன். பிறந்ததிலிருந்து நீ என்னைக் கழுதை என்று கூப்பிட்டிருக்கிறாய், மண்டூகம் என்றிருக்கிறாய். அன்புச் சகோதரர் அவர்களே என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எழுத்து உன் எழுத்துத்தான். பேச்சு யாருடையது? உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது?

சொல்ல முடியாது என்றால் சொல்லாதே. உன் மேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவின் கண்ணை அதில் இழுத்த ஆளின் மேல்தான் கோபம்.

திரும்பப் பெற என்னால் முடியாது. பிப்ரவரியில் அது என் வழக்கு. இப்போது நூற்றுநாற்பது பேருடைய வழக்கு. நான் விலகினால், கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவனையும் இவர்கள் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இங்கே பேச்சு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அம்மாவுக்கு முத்தம்.

லூஷியஸ்


லாரல் ஃபோர்க்
ஜூன் 1

தம்பி,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் போட்ட இரண்டு கடிதம் கிடைத்ததா? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுகிறேன், அப்படித்தானே எழுதவேண்டும்.

போன ஞாயிறு பஸ் ஏறி வந்தேன். வறுத்த கெளுத்தி மீனும் பீச் பழமும் கட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் காவலாளி பதிவேட்டைக்கூடப் பார்க்கவில்லை. "பிரூயிட்டா? இந்த மாசம் அவனப் பாக்க யாருக்கும் அனுமதி இல்ல."

"ஏங்க?"

"இல்லைன்னா இல்லம்மா. வரிசைய அடைச்சுக்கிட்டு நிக்காத."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் என் கையைத் தொட்டாள். அவள் புருஷனும் உள்ளே இருக்கிறான். "உங்க தம்பியா அந்தக் கடுதாசி எழுதினது?" என்று காதோடு கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காவலாளி எங்களைப் பார்த்தான், பேசாமல் முன்னே நகர்ந்துவிட்டாள். வீடு வந்து சேரும்வரை அவள் சொல்ல வந்தது என்ன என்பதே மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

விசாரணையை ஜூலை எட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அரசு வக்கீல்கள் அவகாசம் கேட்டார்களாம். ஒரு வரி போடு. உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால்கூடப் போதும்.

ஐடெல்


கோல்வின் பண்ணை
ஜூன் 15

திருமதி காட்லின் அவர்களுக்கு,

தங்கள் தம்பி நலம். டிராக்டரிலிருந்து விழுந்ததில் வலது கையில் சிறு காயம். எழுத முடியாததால் அவர் சொல்ல நான் எழுதுகிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை. உணவு நன்றாக உள்ளது.

எல். பிரூயிட்டுக்காக,
ஜே. மாபின்


லாரல் ஃபோர்க்
ஜூலை 13

அன்புத் தம்பி லூஷியஸுக்கு,

நீதிபதி உத்தரவுப்படி இண்டியானாவிலுள்ள மத்திய அரசுச் சிறைக்கு உன்னைக் கொண்டுபோய்விட்டதாக வக்கீல் சொல்லி இந்த முகவரியைக் கொடுத்தார். எண்ணூறு மைல். அங்கே குளிருமா? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே அம்மா சுகம். நானும் அத்தானும் சுகம்.

அந்த டிராக்டர் கடிதம் கிடைத்ததும் அப்படியே எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். "மேடம், எந்தம்பிக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்ட வராது. மண்வெட்டி வரிசையில இருக்கறவன எவன் டிராக்டர்ல ஏத்தினான்?" என்றேன். அவர் அன்றைக்கே நீதிபதியிடம் போனார். ஜூலை எட்டு காலை ஒன்பது மணிக்கு உன்னைக் கோர்ட்டில் நேரில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும், கூட்டிவர மத்திய கோர்ட்டின் காவலர்களான மார்ஷல்கள் போவார்கள் என்று உத்தரவானது.

அன்றைய நாளை நான் எப்படிச் சொல்ல! ஒன்பது மணிக்கு எல்லாரும் எழுந்து நின்றோம், நீதிபதி வந்து உட்கார்ந்தார், உன் நாற்காலி காலி. அரசு வக்கீல் கில்கிரிஸ்ட், உடம்பு சரியில்லாத கைதியை அனுப்ப இயலாது என்று மாநில அரசு முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். நீதிபதி வயதானவர், தணிந்த குரல். "முடிவு செய்ய அவர்களை நான் கேட்கவில்லையே," என்றார். பத்தரை மணிக்கு மார்ஷல் ஒருவர் போனில் சொன்னாராம், பண்ணை வாசல் பூட்டியிருக்கிறது, உள்ளே மாநிலப் போலீஸ் துப்பாக்கியோடு நிற்கிறது என்று. பன்னிரண்டுக்கு, நீ அந்தப் பண்ணையிலேயே இல்லை என்றார்கள். எங்கே இருக்கிறாய் என்பது யாருக்கும் தெரியவில்லை.

நான் அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து, ஏமஸ் டில்லரியின் பெஞ்சை நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவை வீட்டில் விட்டு வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

மூன்று மணிக்கு நீதிபதி சொன்னார்: "ஐந்து மணிக்குள் அந்த மனிதர் இங்கே இல்லையென்றால், வார்டனையும் அவருக்கு உத்தரவு கொடுத்தவரையும், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், என் மார்ஷல்கள் கைது செய்வார்கள்." கில்கிரிஸ்ட் வெளியே போய்ப் போன் பேசினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கவர்னரோடு பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்த நிருபர் சொன்னார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நீ கதவருகில் நின்றாய்.

உன் கையைப் பார்த்தேன். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

ஐடெல்


இண்டியானா
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிண்டிய மாதிரி இருக்கிறது, பொறுத்துக்கொள். இங்கேயும் கடிதத்தைத் திறக்கிறார்கள். ஆனால் அதற்காக யாரும் நம்மை வெளியே கூப்பிடுவதில்லை. டாக்டர் இருக்கிறார். வெள்ளைக் கோட்டுப் போட்ட நிஜமான டாக்டர். என் கையைப் பார்த்து, மூன்று விரல் இனி மடங்காது என்றார்.

இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நீயே முடிவு செய். மே பதின்மூன்றாம் தேதி மத்தியானம், வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கங்காணிகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "எந்தக் கைடா அது, எழுதற கை?" என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. வேறொருவன் சொன்னான். அவனுக்கும் பயம்தானே. கேட் கீல் இடுக்கில் என் வலது கையை வைத்துப் பிடித்து, கதவை மூன்று தடவை சாத்தினார்கள்.

ஜூலை எட்டாம் தேதி விடியற்காலை என்னை ஜன்னல் இல்லாத ஒரு வேனில் ஏற்றினார்கள். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு. நிற்கும், யாராவது ரேடியோவில் பேசுவார்கள், மறுபடி கிளம்பும். ஓட்டுநர் ஒருதரம், "இவன எங்கதான்யா எறக்கறது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "எறக்கச் சொல்லி இன்னும் உத்தரவு வரல," என்றார். மாநிலத்துக்கும் மத்திய கோர்ட்டுக்கும் நடுவில் நான் ஒரு மூட்டையாகக் கிடந்தேன். அந்த உத்தரவு வராமலே போய்விடுமோ என்று பயந்தேன் அக்கா. அன்றைக்குப் பயந்த மாதிரி நான் எப்போதும் பயந்ததில்லை.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீ உன் கடிதத்தில் எழுதவில்லை. அன்று நான் வந்து சேர்ந்த பின் கில்கிரிஸ்ட் எழுந்து, பண்ணை ஆபீஸ் நகலெடுத்து வைத்திருந்த உன் மே நான்காம் தேதிக் கடிதத்தைக் கோர்ட்டில் வாசித்தார். "கைதியின் கூடப்பிறந்த அக்காவே இதெல்லாம் மிகை என்கிறார்," என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். வழக்கில் இப்போது அந்த ஒரு காகிதம்தான் அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கொம்பு என்கிறார் வக்கீல்.

அதை எழுதவைத்தது யார் என்று சொல்லச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

லூஷியஸ்


லாரல் ஃபோர்க்
ஆகஸ்ட் 24

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு வாரம் பைபிளுக்குள் வைத்திருந்தேன். இன்று சர்ச்சிலிருந்து வந்து எழுத உட்கார்ந்தேன்.

மே மூன்றாம் தேதி சனிக்கிழமை கில்கிரிஸ்ட் நம் வீட்டுக்கு வந்தார். கூட இன்னொருவர், பெயர் சொல்லவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து அம்மாவின் உடம்பை விசாரித்தார். சுவரில் உன் பள்ளிக்கூடப் போட்டோவைப் பார்த்து, "நல்ல பையனாத்தான் தெரியறான்," என்றார். பிறகு அத்தானைப் பார்த்து, "பதினேழு வருசம் ஆச்சு போல? பென்ஷனுக்கு இன்னும் மூணு வருசமா? ஆள் குறைக்கப்போறதாப் பேச்சு அடிபடுது, கேள்விப்பட்டீங்களா?" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலம்மா. ஒரு அக்கா தம்பிக்குப் புத்தி சொல்றதுல தப்பென்ன? அவன் கிறிஸ்துமஸுக்கு வீட்டுல இருக்கணும்னு ஒங்களுக்கு ஆசை இல்லையா?"

ஆசை இருந்தது. அதுதான் உண்மை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மறுநாள் தேதி போடச் சொன்னார், ஞாயிறு என்றால் வீட்டில் நிதானமாக எழுதிய மாதிரி இருக்கும் என்றார். தபால்தலை ஒட்டிய உறையையும் அவரே கொடுத்தார். அவர்கள் போனபின் கடிதம் மேசை மேல் கிடந்தது. திங்கட்கிழமை தபாலில் போயிற்று.

பத்தே நாளில் உன் கை போயிற்று. நான் எழுதியதால் நீ விலகுவாய் என்று அவர்கள் பார்த்திருந்தார்கள், நீ விலகவில்லை. இதை நான் ஒவ்வொரு நாளும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீதிபதி என் ஒரு சாட்சிக்காக மட்டும் விசாரணையை மறுபடி திறந்திருக்கிறார். செப்டம்பர் ஒன்பது. அத்தானிடம் சொன்னேன். "போனா வேலை போயிரும் ஐடெல்," என்றார். "தெரியும்," என்றேன். எழுந்து போய் என் நல்ல செருப்புக்குப் பாலிஷ் போட்டார்.

ஐடெல்


இண்டியானா
செப்டம்பர் 28

அக்கா,

ஒன்பதாம் தேதி போய்ப் பத்தொன்பது நாளாயிற்று. நீ கோர்ட்டுக்கு வந்தாய் என்று மட்டும் வக்கீல் தந்தி கொடுத்தார். அதற்குப் பின் யாரிடமிருந்தும் ஒன்றுமில்லை. போன வாரம் நான் போட்ட கடிதம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அம்மா எங்கே? நீங்கள் எங்கே? இதை வக்கீல் மூலமாக அனுப்புகிறேன். யார் கைக்குக் கிடைத்தாலும் சரி, ஒரு பதில் போடுங்கள்.

லூஷியஸ்


போப்ஸ் லாண்டிங்
அக்டோபர் 19

அன்புத் தம்பி லூஷியஸுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைப் படித்து மூச்சு விடு. ஆற்றோரம் ஓபல் சித்தி வீட்டில் இருக்கிறோம். அம்மா சுகம். உன் கடிதம் வக்கீலைச் சுற்றி நேற்றுத்தான் வந்தது.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். கில்கிரிஸ்ட் எழுந்து என்னைக் கேள்வி கேட்க முடியாதே, அவரைப் பற்றித்தானே பேச்சு. வேறொரு அரசு வக்கீல் வந்து கடிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. கை என்னுது. வார்த்தை அவங்களுது."

"யாராவது உங்கள அடிச்சாங்களா? மிரட்டினாங்களா?"

"இல்லீங்க. நல்லா மரியாதையாப் பேசினாங்க. எங்க வீட்டுக்காரர் வேலையைப் பத்திப் பேசினாங்க. எங்கம்மா கண்ணைப் பத்திப் பேசினாங்க. அடிக்கறதுக்கு வேற ஆளு வச்சிருந்தாங்க."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா வரத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருந்தாள். நான் அவளுக்கு வாசிக்காமல் விட்டதெல்லாம் அங்கே உட்கார்ந்து கேட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: "எந்தக் கை?" சொன்னேன். அதற்குப் பின் ஊர் வரும்வரை என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து அத்தானின் பதவியே தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரரும் காலி செய்யச் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அந்த அலைச்சலில் உனக்கு எழுதவே முடியவில்லை. அத்தான் இங்கே மர மில்லில் பலகை அடுக்குகிறார்.

தீர்ப்பு அக்டோபர் மூன்றில் வந்தது. கங்காணி முறை ஒழிய வேண்டும், படித்த டாக்டர் வேண்டும், அதுவரை புதிதாக ஒரு கைதியையும் கோல்வினுக்கு அனுப்பக் கூடாது. கவர்னர் அப்பீல் போட்டிருக்கிறார். ஜனவரியில் விசாரணை. அதுவரை பாதி உத்தரவு நடக்கிறது, பாதி நிற்கிறது. ஆனால் டாக்டர் வந்துவிட்டார். அன்று வாசல் வரிசையில் என் கையைத் தொட்டாளே, அந்தப் பெண் வக்கீலுக்கு எழுதியிருக்கிறாள், தன் புருஷனுக்கு மருந்து கொடுத்தார்களாம். கம்புகளை எடுத்துவிட்டார்களா என்று கேட்டதற்கு, பகலில் கண்ணில் படுவதில்லை என்று எழுதினாளாம்.

உன் பரோல் மனுவை மாநில போர்டு தள்ளிவிட்டது. நீ எதிர்பார்த்ததுதான்.

கீழே அத்தான் ஏதோ எழுதவேண்டுமாம். காகிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன். எழுதியதை நான் படிக்கக் கூடாதாம்.

ஐடெல்

தம்பி லூஷியஸுக்கு, ஹோஸியா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்கா கோர்ட்டில் ஒன்றைச் சொல்லவில்லை, உனக்கும் எழுதியிருக்கமாட்டாள். அவர்கள் போனதும் அவள் அந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனாள். நான் அவள் கையிலிருந்து வாங்கினேன். காலையில் யோசிக்கலாம் என்றேன். திங்கட்கிழமை அவள் எழுந்திருக்கும் முன் நான்தான் தபால்பெட்டியில் போட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். இப்போது வேலையும் போயிற்று. உன் கையை நினைத்தால் மில்லில் பலகையைத் தூக்கக் கை வரமாட்டேன் என்கிறது. அவள் மேல் பழி வேண்டாம். ஹோஸியா காட்லின்.


இண்டியானா
நவம்பர் 9

அத்தானுக்கு,

லூஷியஸ் வணக்கம். நான் சுகம். இடது கை எழுத்து இப்போது கொஞ்சம் படிக்கும்படி இருக்கிறது. உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

உங்கள் வரிகளைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மூன்றாம் நாள், வண்டிக் கொட்டகையில் எந்தக் கை என்று சொன்னானே, அவனை நினைத்தேன். அவன் பெயரைக் கேட்டார் வக்கீல், நான் சொல்லவில்லை. அவனை விட்டுவிட்ட எனக்கு உங்களைப் பிடித்துவைக்க என்ன நியாயம்? நீங்கள் போட்ட கடிதம் என் விரலை உடைக்கவில்லை அத்தான். உடைத்தவர்கள் எப்படியும் உடைத்திருப்பார்கள்.

தபாலில் போட்டது நீங்கள்தான் என்பதை அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள். அவளுக்குத் தெரியும்தான். இருந்தாலும் உங்கள் வாயால் கேட்கட்டும்.

அப்பீல் ஜனவரி பதினான்கு. கோர்ட் இருக்கும் அந்த ஊருக்கே கவர்னர் வரப்போவதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. கூட்டம் சேரும், கத்துவார்கள். அக்கா எப்படியும் போவாள், தடுக்கமுடியாது. இந்தத் தடவை அவளைத் தனியாக பஸ் ஏற்றிவிடாதீர்கள்.

உங்கள் மைத்துனன்,
லூஷியஸ்